தம்பியிடம் பேசினால் நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமா?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கொருக்குப்பேட்டையில் வீடு. ஒன்பதாவது படிக்கும் தம்பி. பள்ளியில் நடந்த போதை ஒழிப்பு ஓவியப் போட்டியில் மண்டையோடு வரைந்து இரண்டாம் பரிசு வாங்கி வந்தவன். அதே வாரம் அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கு அடியில் கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலம். "வாய்ப் புற்றுநோய் வீடியோ ஒண்ணு காட்டு, பயந்து விட்டுடுவான்" என்கிறார் அம்மா. பேசுவதா வேண்டாமா என்று உங்களுக்கு யோசனை. பேசப் போய், மாத்திரை, ஊசி என்று அவனுக்குத் தெரியாததையும் நாமே கற்றுக்கொடுத்துவிடுவோமோ என்று பயம். கூடவே, தெரு இளைஞர் மன்றம் வைக்கப் போகும் பேனரில் என்ன எழுதலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இரண்டு கேள்வி போல இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: பயமுறுத்தினால் பிள்ளைகள் இதிலிருந்து விலகுவார்களா, இல்லையென்றால் வேறு எதற்கு விலகுவார்கள்?

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் மனநல சமூகப் பணியாளர். 18 வருடமாக வட சென்னையில்தான் வேலை. முதலில் ஒரு போதை மீட்பு மையத்தில், அப்புறம் பள்ளிகளிலும் குடும்பங்களோடும். டாக்டர் இல்லை, மருந்து எழுதுவதில்லை. என்னிடம் வருகிறவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு விதத்தில் மாட்டிக்கொண்டவர்கள். ஒரு முறை வாயில் வைத்துப் பார்த்து, 'த்தூ' என்று துப்பிவிட்டுப் போன பையன்கள் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் எங்களைப் போன்றவர்கள் பேசினால் ஊரே கெட்டுக் குட்டிச்சுவரான மாதிரி கேட்கும். அதைக் கழித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பேசலாமா என்றால், பேசலாம், பேச வேண்டும். அக்கா பேசியதால் எந்தப் பையனுக்கும் பழக்கம் வந்துவிடாது. நம் தெருக்களில் வளரும் 14 வயதுப் பையனுக்கு இந்த விஷயத்தில் நாம் புதிதாகச் சொல்லிக்கொடுக்க அதிகம் மிச்சமில்லை. இதை நான் அசிங்கப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கு விழிப்புணர்வு வகுப்பெடுக்கப் போனேன். ஒரு எவர்சில்வர் தட்டில் ஹான்ஸ் புகையிலை பாக்கெட், மாவா என்கிற புகையிலை கலந்த பாக்கு, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் ட்யூப், காலி மாத்திரை அட்டை எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, பெஞ்ச் பெஞ்சாகக் காட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "சார், இது மாவா இல்ல சார், வெறும் பாக்குத்தூள். மாவான்னா ஈரமா இருக்கும், பிளாஸ்டிக் பேப்பர்ல உருட்டி ரப்பர் பேண்டு போட்டிருப்பாங்க" என்றான். வகுப்பே சிரித்தது. மணி அடித்து நான் வெளியே வரும்போது, வேறொருவன் பக்கத்தில் வந்து மெதுவாக, "அந்த மாத்திரை எவ்ளோ நேரம் சார் நிக்கும்?" என்று கேட்டான். எச்சரிக்கை செய்யப் போய் நான் கடை விரித்துவிட்டு வந்திருந்தேன். ஆக, உங்கள் பயத்திலும் ஒரு துளி நியாயம் இருக்கிறது. எது எப்படி இருக்கும், எப்படிப் போடுவார்கள், எங்கே கிடைக்கும் என்கிற விவரத்துக்குள் மட்டும் போகாதீர்கள். மற்றதெல்லாம் பேசலாம்.

அம்மாவின் வீடியோ யோசனைக்கு வருகிறேன். உலகம் முழுக்க அம்மாக்களுக்கும் அரசாங்கங்களுக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் 'டேர்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சீருடை போட்ட போலீஸ்காரர்களே பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் எடுத்தார்கள். பெற்றோருக்குப் பிடித்தது, பள்ளிகளுக்கும் பிடித்தது. அதன் பழைய வடிவத்தைப் பல வருடம் பல ஆய்வுகளில் சோதித்துப் பார்த்தார்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் பிற்காலப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அடுத்து, 1998 முதல் 2004 வரை அந்த நாட்டு அரசே கிட்டத்தட்ட 100 கோடி டாலர் செலவில் டிவி, ரேடியோ என்று இளைஞர்களுக்கான போதை எதிர்ப்பு விளம்பரங்களைக் கொட்டியது. மதிப்பீட்டில் கஞ்சாப் பழக்கம் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. விளம்பரத்தை அதிகம் பார்த்த பிள்ளைகளில் சிலர், 'நம்ம வயசுல எல்லாரும்தான் பிடிக்கிறாங்க போல' என்று நினைக்கத் தொடங்கியிருந்ததுதான் மிச்சம். இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். பயமுறுத்துவதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே இந்தப் பக்கம் திரும்பாத பிள்ளைக்கு அது இன்னொரு காரணமாக அமையலாம். ஜியாமெட்ரி பாக்ஸில் பொட்டலம் வைத்திருக்கும் பிள்ளைக்கு அது உதவாது.

பயமுறுத்தும் படம் எங்குமே வேலை செய்யாது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு 2016 முதல் அந்தப் படம் வருகிறது. 2018-இலிருந்து படத்தோடு 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் அச்சடிக்கிறார்கள். விட வேண்டும் என்று ஏற்கெனவே மனதில் உள்ள பெரியவருக்கு அது ஒரு உந்துதல். பயம் வந்த கையோடு என்ன செய்வது என்பதும் அங்கேயே இருக்கிறது. உங்கள் தம்பிக்கு அந்த வீடியோவைக் காட்டினால், பயந்த பிறகு அவன் என்ன செய்வான்? பொட்டலத்தை ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்து, வீட்டுக்கு வெளியே சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைப்பான். அவ்வளவுதான் அவனால் முடியும். 50 வயதில் வரும் புற்றுநோய் 14 வயதுக்கு ரொம்ப தூரம். தியேட்டரில் படத்துக்கு முன்னால் போடுகிற புகையிலை விளம்பரத்துக்கு நம் பையன்கள் கூடவே வசனம் பேசிச் சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் நாம் ஒரே மண்டையோட்டைத்தான் போடுகிறோம். கூல் லிப் போட்டாலும் சாவு, சொல்யூஷன் மோந்தாலும் சாவு, மாத்திரை போட்டாலும் சாவு. பையன் கூல் லிப் போட்டுப் பார்க்கிறான். தலை சுற்றுகிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது, ஆனால் சாகவில்லை. மறுநாளும் உயிரோடு பள்ளிக்குப் போகிறான். அப்போது அவன் எடுக்கும் முடிவு 'கூல் லிப் ஆபத்தில்லை' என்பது மட்டுமல்ல. 'பெரியவங்க சொன்னது பொய்' என்பதும்தான். அடுத்து ஒருவன் சொல்யூஷனை நீட்டும்போது நம்முடைய வார்த்தைக்கு அவனிடம் மதிப்பு இருக்காது. சொல்யூஷன், தின்னர் போன்றவற்றை மோந்தால் முதல் தடவையிலேயே இதயம் நின்று போகலாம் என்பது நிஜம். வலி நிவாரணி மாத்திரையை, குறிப்பாக டேபென்டடால் மாதிரியானவற்றை, ஊசியில் ஏற்றிக்கொள்கிறவனுக்கு மூச்சு அடங்கிப் போகும் என்பதும் நிஜம். உண்மையாகவே பயப்பட வேண்டிய இடத்துக்கு அந்தப் பயத்தை மிச்சம் வைக்க வேண்டும். பொட்டலத்துக்கே அதைச் செலவழித்துவிடக் கூடாது.

அப்புறம் இந்த 'எல்லாரும் போடுறாங்க' விவகாரம். எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி, 2019-இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் மது குடிப்பவர்கள் 14.6 சதவீதம். ஆண்களை மட்டும் எடுத்தால் 27.3 சதவீதம். கஞ்சா, பாங்கு எல்லாம் சேர்த்து 2.8 சதவீதம். மூக்கால் மோந்து போதை ஏற்றும் பொருள்கள் மட்டும்தான் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம். இது நாடு முழுவதற்குமான கணக்கு, வீடு வீடாகப் போய்க் கேட்டது. கேட்டதும் எல்லாரும் உண்மையைச் சொல்லிவிட மாட்டார்கள், நம் தெருவின் நிலவரமும் வேறாக இருக்கலாம். அதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், போடாதவர்கள்தான் பெரும்பான்மை என்பது மாறாது. நான் வகுப்புகளில் துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் எழுதாமல் இரண்டு கேள்விக்குப் பதில் கேட்பேன். உன் வகுப்பில் எத்தனை பேர் போடுவதாக நினைக்கிறாய்? நீ போட்டிருக்கிறாயா? முதல் கேள்விக்கு வரும் எண்ணிக்கை இரண்டாவதைவிட எப்போதும் பல மடங்கு அதிகமாக இருக்கும். இரண்டாவதில் கொஞ்சம் பொய் இருக்கும், சரி. ஆனாலும் அந்த இடைவெளி முழுக்கப் பொய்யால் வந்ததல்ல. ஒருவன் பொட்டலத்தோடு அலட்டுவதை 20 பேர் பார்க்கிறார்கள். மீதிப் பேர் எதுவும் போடாமல் இருப்பதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

இதில் வட சென்னைக்கென்று தனியாக ஒரு பாரம் இருக்கிறது. சினிமாவில் நம் ஏரியா வந்தால் கத்தியும் கஞ்சாவும் வரும். செய்தியில் வந்தாலும் அதேதான். 'இந்த ஏரியாப் பையன்னா இப்படித்தான்' என்பதை வெளியில் உள்ளவன் நம்பினால் வேலை கிடைப்பது கஷ்டம், அவ்வளவுதான். நம் பையனே நம்பிவிட்டால், அதை அவன் மீசை முளைத்த மாதிரி நினைத்துக்கொள்கிறான். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் வட சென்னைப் பெண். வியாசர்பாடியில் கால்பந்து ஆடி வெளிநாடு வரை போய் வந்த பையன்கள் இருக்கிறார்கள். இந்தப் பெயர்களும் நம் பேனரில் வரலாமே என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆதங்கம்.

இனி பொட்டலத்தைப் பார்ப்போம். கூல் லிப் என்பது உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கி வைக்கிற சின்னப் புகையிலைப் பை. புதினா வாசனை தூக்கலாக இருப்பதால் பிள்ளைகளுக்கு அது புகையிலை என்றே தோன்றாது. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 2013 முதல் தடை உத்தரவு இருக்கிறது, கடையில் கிடைப்பதும் நிற்கவில்லை. இதில் பிடித்துக்கொள்வது நிக்கோட்டின். தினமும் போடாத பிள்ளைக்குக்கூட 'இன்னொண்ணு வேணும்' என்ற தவிப்பு சீக்கிரம் வந்துவிடலாம். நிறுத்தினால் முதல் சில நாள் எரிச்சல், கோபம், தூக்கமின்மை, படிப்பில் கவனம் இல்லாமை எல்லாம் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும். இது உங்களுக்கு முக்கியம். விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு மூன்றாம் நாள் அவன் தட்டைத் தூக்கி எறிந்தால், திமிர் என்று நினைத்து அறைந்துவிடாதீர்கள். உண்மையாகவே நிறுத்தியிருக்கிறான் என்பதற்கே அது அடையாளமாக இருக்கலாம். ஒரே ஒரு பொட்டலத்தை வைத்து, அவன் ருசி பார்த்தவனா, தினம் போடுகிறவனா, வேறு யாருடையதையோ ஒளித்து வைத்தவனா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நேரில் பார்த்தால்கூட முதல் நாளே சொல்லிவிட முடியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அவனே சொல்வதுதான். இது என் அனுபவம் மட்டுமல்ல. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு சுற்றுகிறான் என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகளிடம் தொந்தரவு குறைவு என்பது பழைய கண்டுபிடிப்பு. அதைப் பார்த்துவிட்டுப் பெற்றோரை 'கண்காணியுங்கள்' என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் சுவீடன் ஆய்வாளர்கள், அந்தப் பெற்றோருக்கு அதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று தோண்டிப் பார்த்தார்கள். துருவித் துருவிக் கேட்டதால் தெரிந்ததைவிட, பிள்ளைகள் தாங்களாகச் சொன்னதால் தெரிந்ததுதான் அதிகம். அதாவது, பையைச் சோதிப்பது, செல்போனைப் பிடுங்குவது, நண்பன் வீட்டுக்குப் போன் போடுவது இவற்றால் வரும் தகவல் கொஞ்சம். வந்து சொல்கிற பிள்ளையிடமிருந்து வருவதுதான் அதிகம். பயமுறுத்தலை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். அது அவன் வாயை அடைத்துவிடும். அடைத்த பிறகு நமக்குத் தெரிய வருவதெல்லாம் பக்கத்து வீட்டார் சொல்லித்தான்.

அதனால் முதல் கேள்வியே "யார்றா குடுத்தது?" என்று இருக்க வேண்டாம். 14 வயதில் நண்பனைக் காட்டிக்கொடுப்பது பெரிய பாவம். அந்தக் கேள்விக்குப் பொய்தான் வரும். ஒரு பொய் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்ற இன்னும் நாலு பொய் வரும். "பாக்ஸ்ல பார்த்தேன். அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். திட்டக் கூப்பிடல" என்று ஆரம்பிக்கலாம். அவன் "என்னுது இல்ல" என்பான். சரி என்று விட்டுவிடுங்கள். "உங்க க்ளாஸ்ல நிறைய பேர் போடுறாங்களா? போட்டா இன்னா ஆகுதாம்?" என்று அடுத்தவனைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்கும். இந்த வயதில் பல பேர் 'என் ஃப்ரெண்டு ஒருத்தன்' என்றுதான் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அவன் சொல்வதை நடுவில் வெட்டாமல் கேட்டுவிட்டு, கடைசியில் உங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "நம்ம வீட்ல இது வேணாம். எனக்கு இது பிடிக்கல." இதில் மழுப்ப வேண்டாம். கேட்டுக்கொள்வது என்றால் ஒப்புக்கொள்வது என்று சில பெற்றோர் குழப்பிக்கொள்கிறார்கள். வீட்டின் எதிர்ப்பு தெளிவாகத் தெரிந்த பிள்ளைகள் இதில் இறங்குவது குறைவு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டுமென்றால் புற்றுநோயை விட்டுவிடுங்கள். வாய் நாற்றம், வாரத்துக்கு ஆகும் காசு, 'இது இல்லாம முதல் பீரியட் உட்கார முடியல' என்கிற அடிமைத்தனம். இவைதான் அந்த வயதில் உறைக்கும்.

மறுக்கத் தெரிவதும் ஒரு பழக்கம்தான், ஒத்திகை பார்க்கலாம். 'போதை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்' என்று பாடப்புத்தகம் மாதிரி சொல்லிக்கொடுத்தால் எந்தப் பையனும் அதைத் தெருமுனையில் நின்று சொல்ல மாட்டான். கலாய்த்தே கொன்றுவிடுவார்கள். "வோணாம் மச்சி, கோச்சு மோந்து பாத்தா டீமை விட்டே தூக்கிருவாரு" என்று சொல்ல முடியும். எங்களிடம் வந்த ஒரு குடும்பம் இன்னொன்று செய்தது. மாட்டிக்கொண்ட மாதிரி தோன்றினால் பையன் அக்காவுக்குப் போன் போட்டு, "பால் வாங்கணுமா?" என்று கேட்பான். அக்கா உடனே சத்தமாக, "எங்கடா இருக்க, உடனே வீட்டுக்கு வா" என்று கத்துவாள். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். பையன் சலித்துக்கொண்டே கிளம்பிவிடுவான். மானமும் போகாது, ஆளும் வந்துவிடுவான். வீட்டுக்கு வந்ததும் யார், எங்கே, என்ன என்று எதுவும் கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அதை மீறினால் அடுத்த முறை போன் வராது.

அப்பா குடிப்பார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் நகர முடியாது. "அப்பாவை யாராச்சும் கேட்டீங்களா?" என்று தம்பி கேட்பான், கட்டாயம் கேட்பான். அதற்கு "அப்பா சம்பாதிக்கிறாரு" என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள். சம்பாதித்தால் குடிக்கலாம் என்று ஆகிவிடும். "அப்பாவால விட முடியல. உன் வயசுல ஆரம்பிச்சிருப்பாரு. அந்தக் கஷ்டம் உனக்கு வேணாம்னுதான்" என்று உண்மையைச் சொல்லலாம். 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள் பிற்காலத்தில் அடிமையாவது பல மடங்கு அதிகம் என்பது திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். சீக்கிரம் தொடங்கியதால் அடிமையானார்களா, அடிமையாகும் சூழலில் இருந்ததால் சீக்கிரம் தொடங்கினார்களா என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது. தள்ளிப்போடுவது நல்லது என்பதில் வாதம் இல்லை. அப்பாவை இன்றைக்கே நிறுத்த வைக்க உங்களால் முடியாது. ஆனால் சிகரெட், சைட் டிஷ் வாங்கத் தம்பியைக் கடைக்கு அனுப்புவதை நிறுத்த முடியும். விசேஷத்திலும் சாவு ஊர்வலத்திலும் மாமன், சித்தப்பன் யாராவது "ஆம்பளப் பையன்தானே, ஒரு மடக்கு" என்று நீட்டுவதை நிறுத்த முடியும். வீட்டிலேயே பெரியவர்கள் முன்னால் கொஞ்சம் ருசி காட்டினால் வெளியில் போய்த் தேட மாட்டான் என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்துப் பார்த்ததில் அப்படி எந்தப் பாதுகாப்பும் தெரியவில்லை. வீட்டில் வாங்கிக் குடித்த பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடித்தார்கள்.

ஐஸ்லாந்து பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். இந்தத் துறையில் எல்லாரும் காட்டும் உதாரணம் அது. அங்கே 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒரு முறையாவது போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23-இலிருந்து 3 சதவீதம். மண்டையோட்டு போஸ்டரால் அது நடக்கவில்லை. பெற்றோர் கூடி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள், இரவில் பிள்ளைகள் வெளியே சுற்ற நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள், மாலையில் விளையாட்டு, இசை என்று போக அரசே பணம் கொடுத்தது. அதை அப்படியே தூக்கிக் கொருக்குப்பேட்டையில் வைக்கலாமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே நம் வட சென்னையில் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். காசும் வேறு, வேலை நேரமும் வேறு. விளையாட்டே மருந்து என்பதையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டேன். மேட்ச் ஜெயித்த இரவுதான் முதல் பீர் என்று சொன்ன பையன்கள் எத்தனையோ பேர். கிளப்பில் கேரம் போர்டு இருக்கிறதா என்பதைவிட, அங்கே மாலை ஆறு முதல் ஒன்பது வரை பொறுப்பாக உட்காருகிற பெரியவர் யார் என்று பாருங்கள்.

பள்ளிக்குச் சொல்லலாமா என்பது சங்கடமான கேள்வி. நல்ல வகுப்பாசிரியர் இருந்தால் சொல்லலாம். 'டி.சி. கொடுத்துவிடுவோம்' என்கிற பள்ளியாக இருந்தால் அவசரப்படாதீர்கள். பள்ளியிலிருந்து வெட்டப்பட்ட பையனுக்கு மிச்சமிருக்கும் இடம் தெருமுனைதான். ஆனால் விற்கிற கடை விஷயத்தில் தயங்க வேண்டாம். கல்வி நிலையத்துக்கு 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எங்குமே விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். குழந்தைக்கு மது, புகையிலை, போதைப்பொருள் எது கொடுத்தாலும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு. தனியாளாகப் போய்க் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். மன்றத்தோடு சேர்ந்து போங்கள்.

பேனருக்கு வருவோம். மண்டையோடு வேண்டாம், ஊசி படம் வேண்டாம். 'போதை ஆசாமி', 'சமூக விரோதி' போன்ற வார்த்தைகளும் வேண்டாம். அப்படி ஒருவன் ஏதோ ஒரு வீட்டில் இருப்பான், அவன் அம்மா அந்தப் பேனரைத் தாண்டித்தான் தினமும் தண்ணீர்க் குடத்தோடு போக வேண்டும். அவமானப்பட்ட குடும்பம் ஒளிக்கும். ஒளித்தால் சிகிச்சை தள்ளிப்போகும். 'இளைய சமுதாயம் சீரழிகிறது' என்றும் எழுத வேண்டாம், எல்லாரும் போடுகிறார்கள் என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான். ஒரு பேனரைக் கடைக்காரர்களுக்கு வையுங்கள். 77-ஆவது பிரிவை எழுதினால் போதும், அறிவுரை தேவையில்லை. இன்னொன்று பெரியவர்களுக்கு: "பிள்ளையைக் கடைக்கு அனுப்பி சிகரெட் வாங்காதீர்." மூன்றாவது பையன்களுக்கு. என்னைக் கேட்டால் அதில் ஒரே விஷயம்தான் எழுத வேண்டும்: "நண்பன் மயங்கி விழுந்தால் ஓடாதே. ஒருக்களித்துப் படுக்க வை. 108 கூப்பிடு. பக்கத்திலேயே இரு." போலீஸ் வரும் என்று பயந்து கூட இருந்தவர்கள் ஓடிப் போய், தனியாகக் கிடந்து செத்த பையன்களைப் பற்றி அவர்கள் அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கீழே எண்கள் பெரிதாக வரட்டும்: போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, சிறுவர்களே அழைக்க 1098. பேனர் செலவு கொடுப்பவர்களின் போட்டோ எண்ணைவிடச் சின்னதாக இருந்தால் சந்தோஷம். நடக்காது, இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

தம்பி தினமும் போடுகிறான், விட முயன்றும் முடியவில்லை என்று தெரிந்தாலோ, மாத்திரை, சொல்யூஷன் பக்கம் போயிருக்கிறான் என்று சந்தேகம் வந்தாலோ, வீட்டு வைத்தியம் வேண்டாம். நம் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. சிகிச்சைக்குப் போனால் கேஸ் போட்டுவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். போதைப் பழக்கத்துக்கு ஆளானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால், உபயோகித்ததற்கான வழக்கிலிருந்து பாதுகாப்புக் கொடுக்கத்தான் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்ற பிரிவே இருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். தெருவுக்குத் தெரு இருக்கும் தனியார் மறுவாழ்வு மையங்களில் வேன் அனுப்பிப் பையனைக் கட்டித் தூக்கிப் போகும் இடங்களும் உண்டு. அங்கே 14 வயதுப் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். அனுமதி இருக்கிறதா, பெரியவர்களோடு சேர்த்து அடைக்கிறார்களா என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மெடிக்கலில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனை அட்டையை வாங்கி வீட்டில் நீங்களே பார்ப்பதையும் நான் சொல்ல மாட்டேன். சளி மருந்துகூட அதில் தப்பாகக் காட்டிவிடலாம். ஒரு தடவை தப்பாகக் காட்டினால் அவனிடம் திரும்பப் பேச்சே எடுக்க முடியாது.

பேச்சை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு அறை, அம்மா ஒரு பக்கம், டிவி ஒரு பக்கம். எதிரெதிரே உட்கார்ந்தால் அது விசாரணை மாதிரியே இருக்கும். சாயங்காலம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்குக் கூட்டிப் போங்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று தட்டைப் பார்த்துச் சாப்பிடும்போது கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டு வந்துவிடுவான், பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி கூட்டிப் போங்கள். எப்போதும் போடுகிற காரத்தையே போடச் சொல்லுங்கள். தினமும் பொட்டலம் அடக்குகிற உதடாக இருந்தால் உள்பக்கம் புண்ணாகி எரியும். "வாய் எரியுது" என்று அவனே சொன்னால், எங்கே எரிகிறது, எத்தனை நாளாக என்று கேளுங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.